ஊரார் முதல் போட்ட கடை

நம் கடை நாளை மூடப்பட்டால், அதைத் திரும்பத் திறக்க ஊர் மக்கள் தங்கள் பையிலிருந்து பணம் எடுப்பார்களா? வேடிக்கைக்காகக் கேட்கவில்லை. அமெரிக்காவில் ஒரு சிற்றூரில் இது நடந்திருக்கிறது.

ஊரின் பெயர் சாரனாக் லேக். நியூயார்க் மாநிலத்தின் வடக்கே, அடிரான்டாக் மலைப்பகுதியில் உள்ளது. மக்கள் தொகை ஏறத்தாழ 5,000. மலைக்காற்றை நாடிக் காசநோயாளிகள் வந்து தங்கிய ஊர் இது. ஊரார் தங்கள் வீடுகளிலேயே இடம் கொடுத்து அவர்களைப் பார்த்துக்கொண்டார்கள். 1897-இல் தொடங்கிய குளிர்காலத் திருவிழா இன்றும் நடக்கிறது. உறைந்த ஏரியிலிருந்து பனிக்கட்டிகளை அறுத்தெடுத்து, கூலி வாங்காமல் ஊர்க்காரர்களே அரண்மனை கட்டுவார்கள். அமெரிக்கச் சிற்றூரின் ஒற்றுமையைப் புகழ்வோர் இத்தகைய திருவிழாக்களையும், 'மெயின் ஸ்ட்ரீட்' எனும் கடைத்தெருவையும்தான் சொல்வது வழக்கம்.

அந்தக் கடைத்தெருவுக்கு 2002-இல் சோதனை வந்தது. ஏம்ஸ் என்ற தொடர் அங்காடி நிறுவனம் நொடித்துப்போய் எல்லாக் கிளைகளையும் மூடியது. அதன்பின் உள்ளாடை, படுக்கை விரிப்பு போன்றவற்றுக்குக்கூட மக்கள் சுமார் 50 மைல் தள்ளியுள்ள பிளாட்ஸ்பர்க்குக்குப் போகவேண்டி வந்தது. பனிக்காலத்தில் மலைச்சாலைப் பயணம் என்பதை நினைவில் கொள்ளவேண்டும்.

2018-இல் ஃபிளிப்கார்ட்டின் பெரும்பங்கை வாங்கி நம் நாட்டிலும் பேசப்பட்ட வால்மார்ட், அங்கே ஒரு பெரிய கடை கட்ட எண்ணியது. ஊர் இரண்டுபட்டது. வேண்டும் என்றவர்களைக் குறை சொல்ல நமக்கு மனமில்லை. குறைந்த வருமானக்காரர் மலிவு விலையைத் தேடுவது இயற்கை. வேண்டாம் என்றவர்கள் கோஷத்தோடு நிற்கவில்லை என்பதே நம்மைக் கவர்ந்த விஷயம். ஒரு பங்கு 100 டாலர் என்று வைத்து, மாநிலத்தில் வசிப்பவர்களுக்கு மட்டும் விற்றார்கள். ஒருவர் 10,000 டாலருக்கு மேல் போட முடியாது. 5 லட்சம் டாலர் சேர ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள் பிடித்தன. சுமார் 600 பேர் பணம் போட்டார்கள். 2011 அக்டோபரில் கடை திறந்தது. வயோமிங் மாநிலத்தின் பவெல் என்ற ஊரில் 2002-இல் இப்படித் திறந்த கடையே இவர்களுக்கு முன்மாதிரி.

நம்மைப் பொறுத்தவரை, பனி அரண்மனையைவிட அந்த ஐந்து ஆண்டுகள்தான் பெரிது. லாபம் வருமா என்று தெரியாமல், கடையும் இல்லாமல், அவ்வளவு காலம் பணத்தைத் திரும்பக் கேட்காமல் காத்திருப்பது எளிதா? (600 முதலாளிகளும் உரிமையோடு குறை சொல்வார்களே, அந்தக் கடை மேலாளரின் பாடு தனி!)

ஆனால் பங்கு வாங்குவது ஒரு முறை, சாமான் வாங்குவது வாரந்தோறும். ஊர்க்கடை வேண்டும் என்று மேடையில் பேசிவிட்டு, இரண்டு டாலர் குறைவு என்று காரை வெளியூருக்கு விடுகிற வாடிக்கையாளரை எந்த நாட்டு வியாபாரியும் அறிவார்.

கொள்முதல் விலை என்ற பிரச்சினையும் இருக்கிறது. லாரி லாரியாக எடுப்பவருக்குக் கிடைக்கும் விலை, பத்துப் பெட்டி எடுப்பவருக்குக் கிடைக்காது. இதற்காகவே ராபின்சன்-பாட்மன் சட்டம் 1936-இல் அங்கே வந்தது. ஒரே சரக்கைப் போட்டி வியாபாரிகளுக்கு வெவ்வேறு விலையில் விற்று, போட்டியைக் கெடுப்பதைத் தடுப்பது அதன் நோக்கம். 1980-களுக்குப் பின் அரசு அதை ஏறக்குறைய கிடப்பில் போட்டது. 2024 டிசம்பரில்தான் மதுபான மொத்த விற்பனை நிறுவனம் ஒன்றின் மீது அதன்கீழ் வழக்குத் தொடர்ந்தது. சட்டத்தைத் தூங்கவிட்டுவிட்டு, சிற்றூர்க் கடைத்தெருவின் அழகைப் பாராட்டிப் பேசுவதை நாம் ஏற்பதற்கில்லை. 600 பேரின் நல்லெண்ணம் கடையைத் திறந்து தரும். மொத்த விலையைக் குறைக்க அதனால் ஆகாது.

ஊரார் பணத்தில் நடந்த கடை பற்றி, நன்றாக நடந்ததோ நொடித்ததோ, நேரில் அறிந்த அன்பர்கள் எழுதி அனுப்பினால் அடுத்த இதழில் வெளியிடுவோம்.