சாட்சிகள் மறைவதற்குள் பதிவு செய்வோம்

குற்றம் செய்தவன் தண்டனையைவிட சாட்சிக்குத்தான் அதிகம் அஞ்சுவான். சாட்சி இல்லையென்றால் வழக்கு நிற்காது. நீதிமன்றத்தில் பழகியவர்கள் எல்லோருக்கும் இது தெரியும்.

ஹிட்லரின் நாஜி அரசுக்கும் இது நன்றாகத் தெரிந்திருந்தது. இரண்டாம் உலகப் போரின்போது ஐரோப்பாவில் ஏறக்குறைய 60 லட்சம் யூதர்களைக் கொன்ற அந்த அரசு, தடயத்தையும் அழிக்க முயன்றது. புதைத்த பிணங்களைத் தோண்டி எடுத்து எரித்தார்கள். போலந்தில் இருந்த ட்ரெப்ளிங்கா கொலை முகாமை 1943-இல் இடித்துவிட்டு, அந்த நிலத்தில் ஒரு பண்ணை வீட்டைக் கட்டி ஆள் குடிவைத்தார்கள். சோவியத் படை நெருங்கியபோது, ஆஷ்விட்ஸில் மிஞ்சியிருந்த நச்சுவாயுக் கூடங்களை 1945 ஜனவரியில் வெடிவைத்துத் தகர்த்தார்கள்.

இவ்வளவு செய்தும் உண்மை எப்படி வெளியே வந்தது? யூதர்கள் விழித்திருந்தார்கள். அதுதான் காரணம்.

போலந்தின் தலைநகர் வார்சாவில் 4 லட்சத்துக்கும் மேற்பட்ட யூதர்களை ஒரு மதிலுக்குள் அடைத்தார்கள். உள்ளே பசியும் நோயும். அங்கே இம்மானுவேல் ரிங்கல்பிளம் என்ற வரலாற்றாசிரியர் 1940-இல் இரகசியமாக ஓர் ஆவணக் குழுவைத் தொடங்கினார். குழுவில் ஏறக்குறைய 60 பேர். பெரிய மனிதர்களின் அறிக்கைகளை மட்டும் அவர்கள் தேடவில்லை. ரேஷன் அட்டை, டிராம் டிக்கெட், பள்ளிப் பிள்ளைகளின் கட்டுரை, மிட்டாய்க் காகிதம் என எல்லாவற்றையும் சேர்த்தார்கள். ஏழையின் வாழ்க்கையும் வரலாறுதான் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். 1942-இலும் 1943-இலும் அவற்றைத் தகரப் பெட்டிகளிலும் பால் கேன்களிலும் வைத்துப் புதைத்தார்கள். 1944-இல் ரிங்கல்பிளம் கொல்லப்பட்டார். குழுவில் போருக்குப் பின் உயிரோடு இருந்தவர்கள் மூன்றே பேர். இடிபாடுகளைத் தோண்டி 1946-இல் ஒரு பகுதியையும் 1950-இல் இன்னொரு பகுதியையும் மீட்டார்கள். மூன்றாவது பகுதி இன்றுவரை கிடைக்கவில்லை.

போர் முடியும் முன்பே, 1944-இல், போலந்து யூதர்கள் வரலாற்றுக் குழு அமைத்து உயிர் தப்பியவர்களின் வாக்குமூலங்களை எழுதத் தொடங்கினார்கள். 1946-இல் டேவிட் போடர் என்ற உளவியல் பேராசிரியர் அமெரிக்காவிலிருந்து ஒலிப்பதிவுக் கருவியைச் சுமந்துகொண்டு ஐரோப்பாவுக்குப் போனார். அகதி முகாம்களில் 100-க்கும் மேற்பட்டவர்களின் குரலை, அவரவர் மொழியிலேயே பதிவு செய்தார்.

ஆனால் உலகம் உடனே காது கொடுக்கவில்லை. 1945-இல் தொடங்கிய நியூரம்பெர்க் விசாரணை பெரும்பாலும் நாஜிகளின் சொந்தக் காகிதங்களை நம்பியே நடந்தது. பாதிக்கப்பட்டவர்களின் குரல் உலகம் முழுக்க ஒலித்தது 1961-இல்தான். ஜெருசலேமில் ஐக்மன் மீது நடந்த விசாரணையில் ஏறக்குறைய 100 பேர் ஒருவர் பின் ஒருவராகக் கூண்டில் ஏறிப் பேசினார்கள். அதன் பிறகும் பலர் பேச ஆண்டுகள் ஆயின. அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் 1979-இல் வீடியோ பதிவு தொடங்கியது; இன்று அது யேல் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. திரைப்பட இயக்குநர் ஸ்பீல்பெர்க் 1994-இல் தொடங்கிய அறநிறுவனம் 50,000-க்கும் மேற்பட்ட வாக்குமூலங்களைச் சேர்த்தது.

"வயதானவர்கள் பேச்சில் பிழை இருக்குமே?" என்று கேட்கலாம். இருக்கும். ஆஷ்விட்ஸ் கைதிகள் 1944 அக்டோபரில் கிளர்ந்தெழுந்ததைப் பற்றி ஒரு பெண்மணி பேசும்போது, நான்கு புகைபோக்கிகள் வெடித்தன என்றார். உண்மையில் தகர்ந்தது ஒன்றுதான். அதனால் அவர் சாட்சியம் செல்லாது என்றார்கள் சில வரலாற்றாசிரியர்கள். அவரைப் பேட்டி கண்ட மருத்துவர் டோரி லாப் அதை ஏற்கவில்லை. யாரும் எதிர்க்கவே முடியாது என்றிருந்த இடத்தில் எதிர்ப்பு நடந்ததே, அதற்குத்தான் அந்தப் பெண்மணி சாட்சி என்றார். எண்ணிக்கையைச் சரிபார்க்க ஆவணம் இருக்கிறது. அங்கே இருந்தவரின் உள்ளம் பட்ட பாட்டைச் சொல்ல அவர் ஒருவரால்தான் முடியும்.

ஆவணமும் எவ்வளவு அவசியம் என்பதை ஒரு லண்டன் வழக்கு காட்டியது. தம்மை யூத இனவொழிப்பை மறுப்பவர் என்று எழுதியதற்காக டேவிட் இர்விங் என்பவர் பேராசிரியை டெபரா லிப்ஸ்டாட் மீது அவதூறு வழக்குத் தொடுத்தார். ஆங்கிலேயச் சட்டப்படி, எழுதியது உண்மை என்று நிரூபிக்கும் பொறுப்பு எழுதியவருடையது. உயிர் தப்பிய முதியவர்களைக் கூண்டில் ஏற்றி இர்விங்கின் குறுக்கு விசாரணைக்கு ஆளாக்க லிப்ஸ்டாட் தரப்பு விரும்பவில்லை. ஆவணங்களையும் வரலாற்று நிபுணர்களையும் கொண்டே வாதாடியது. 2000 ஏப்ரலில் இர்விங் தோற்றார். அந்தக் காகிதங்களை யாரும் காப்பாற்றி வைத்திருக்காவிட்டால்?

இங்கே சிலர் கேட்பார்கள்: "பாலஸ்தீனர்களை இஸ்ரேல் படுத்தும் பாட்டைப் பார்த்துக்கொண்டு யூதர்களுக்காகப் பேசலாமா?" ஓர் அரசின் கொடுமையைக் கண்டிப்பது நம் உரிமை. அதற்காக, ஆஷ்விட்ஸில் குழந்தையைப் பறிகொடுத்த தாயின் வார்த்தையை மறுப்பது அநியாயம். செத்தவர்களின் சாட்சியம் எந்த அரசுக்கும் கேடயமும் அல்ல, எந்த வெறுப்புக்கும் தீனியும் அல்ல.

உயிர் தப்பிய யூதர்கள் 2024 தொடக்கத்தில் உலகம் முழுவதும் ஏறக்குறைய 2,45,000 பேர் இருந்தார்கள். பெரும்பாலோர் 80 வயதைக் கடந்தவர்கள். ஆனால் அவர்கள் மறைந்தாலும் அவர்கள் குரல் இருக்கும்.

நம் நிலை என்ன? அதே போரில் மலாயாவிலிருந்து 70,000-க்கும் மேற்பட்டோரை ஜப்பானியர்கள் சயாம் மரண ரயில் வேலைக்குக் கொண்டுபோனார்கள். பெரும்பாலோர் தோட்டத் தமிழர்கள். பல்லாயிரம் பேர் திரும்பவில்லை. அங்கே மடிந்த நேசநாட்டுப் போர்க் கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் உண்டு. நம் தாத்தாக்களின் பெயர்களைப் பொறித்த கல்லறை எங்கே?

சயாமுக்குப் போய்த் திரும்பியவர்களில் மிகப் பலர் இப்போது இல்லை. அவர்கள் சொல்லக் கேட்ட பிள்ளைகள் இன்னும் நம் வீடுகளில் இருக்கிறார்கள். பிறர் சொல்லக் கேட்டதை நீதிமன்றம் எளிதில் ஏற்காது; வரலாறு ஏற்கும். எந்தத் தோட்டம், எந்த ஆண்டு, யார் யார் போனார்கள், யார் திரும்பினார்கள் என்று கேளுங்கள். கைத்தொலைபேசியில் பதிவு செய்யுங்கள். குறுக்கே பேசாதீர்கள், திருத்தாதீர்கள். பழைய அடையாள அட்டை, கடிதம், படம் எதையும் வீசாதீர்கள். படத்தின் பின்னால் பெயரை எழுதி வையுங்கள். ஒரு பிரதியை வேறொரு வீட்டில் கொடுத்து வையுங்கள்.

வார்சாவில் சாவை எதிரே வைத்துக்கொண்டு மிட்டாய்க் காகிதத்தைக்கூடக் காப்பாற்றினார்கள். நமக்கு அந்த ஆபத்து இல்லை. வரும் ஞாயிற்றுக்கிழமை வீட்டுப் பெரியவர் பக்கத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் போதும்.