மகன்கள் பத்திரமாக இருக்கிறார்களா?

மகள் வீடு திரும்பப் பத்து நிமிடம் தாமதமானால் நாம் பதறிப் போகிறோம். மகன் மாலை முழுவதும் எங்கே, யாருடன் இருந்தான் என்று கேட்பதில்லை. ஆண் பிள்ளைக்கு என்ன ஆகிவிடப் போகிறது என்ற எண்ணம்தான் காரணம்.

மத்திய பெண்கள் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007-ல் வெளியிட்ட ஆய்வு இந்த எண்ணத்தை உடைத்தது. 13 மாநிலங்களில் 12,447 பிள்ளைகளிடம் விசாரித்ததில், 53 சதவீதத்தினர் ஏதேனும் ஒரு வகைப் பாலியல் துன்புறுத்தலுக்கு ஆளானதாகக் கூறினர். அவர்களில் 52.94 சதவீதம் பேர் சிறுவர்கள். அடி உதை வாங்கியவர்களிலும் 54.68 சதவீதம் பேர் சிறுவர்களே. பாலியல் துன்புறுத்தல் செய்தவர்களில் பாதிப் பேர், பிள்ளைக்கு அறிமுகமானவர்கள் அல்லது நம்பிக்கைக்குரிய இடத்தில் இருந்தவர்கள்.

அப்படியானால் பெண் பிள்ளைகள் தப்பித்துக் கொண்டார்களா? இல்லை. சிறுமிகளில் 70 சதவீதத்தினர் குடும்பத்தில் ஏதோ ஒரு வகையில் தாங்கள் புறக்கணிக்கப்படுவதாகக் கூறினர். ஏறத்தாழ பாதிப் பேர், ஆணாகப் பிறந்திருக்கலாம் என்று ஏங்கினர். தம்பிக்குப் பெரிய மீன் துண்டு, அக்காவுக்குப் பாத்திரம் கழுவும் வேலை. இதை நாம் கொடுமைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

இருவரையும் வாய் திறக்க விடாமல் செய்வதும் நாம்தான். 'ஆம்பளப் பிள்ளை அழலாமா?' என்று மகனை அடக்குகிறோம். 'வெளியே தெரிந்தால் மானம் போகும்' என்று மகளை அடக்குகிறோம். இதில் லாபம் அடைபவன் குற்றவாளி மட்டுமே.

சட்டம் இந்தப் பாகுபாட்டைப் பார்ப்பதில்லை. 2012-ல் இயற்றப்பட்ட போக்சோ சட்டத்தின்படி, 18 வயது நிறையாத எவரும் குழந்தையே. குற்றம் நடந்தது தெரிந்தும் காவல்துறைக்குத் தெரிவிக்காத பெரியவர்களுக்கு ஆறு மாதம் வரை சிறைத் தண்டனை உண்டு. பிள்ளையின் பெயரையோ படத்தையோ ஊடகங்கள் வெளியிடக் கூடாது. எனவே மானம் போய்விடும் என்று அஞ்சி மறைக்கத் தேவையில்லை.

பள்ளிக்கூடமோ மதரஸாவோ டியூஷனோ, உறவினர் வீடோ, எங்கே போய் வந்தாலும் மகளிடம் கேட்பதை மகனிடமும் கேட்போம். அவன் ஓரிடத்துக்குப் போக மறுத்தால், அடிப்பதற்கு முன் காரணம் கேட்போம். மகனுக்குக் கொடுக்கும் உணவையும் ஓய்வையும் படிப்பையும் மகளுக்கும் குறைவின்றிக் கொடுப்போம். பிள்ளை ஒன்றைச் சொன்னால் முதலில் நம்புவோம். உதவி தேவைப்பட்டால் 1098 என்ற இலவச எண் இருக்கிறது. அந்த எண் மகளுக்குத் தெரிந்திருப்பது போல் மகனுக்கும் தெரிந்திருக்கட்டும்.