வீரர்களைக் குணப்பெட்டிகளில் அடைக்கும் ஆய்வு

உடற்கல்வி, விளையாட்டு உளவியல் துறைகளில் ஆய்வு செய்வோருக்கும் அவ்வாய்வுகளை நெறிப்படுத்துவோருக்கும் இதை எழுதுகிறேன். நீளமான பதிவு. பொறுமையுடன் படித்து, மறுக்க வேண்டிய இடத்தில் மறுக்கவும்.

நம் நாட்டுப் பல்கலைக்கழகங்களில் ஓர் ஆய்வேட்டு வார்ப்பு நிலைபெற்றுவிட்டது. கபடி ஆடுவோர் முப்பது பேர், கைப்பந்து ஆடுவோர் முப்பது பேர்; ஐசெங்க் அல்லது கேட்டல் வகுத்த ஆளுமை வினாப்படிவம்; ஒரு டி-சோதனை; இரு குழுக்களுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு உண்டு அல்லது இல்லை என்றொரு முடிவு. இறுதி இயலில், பயிற்றுநர்கள் வீரர்களின் மனப்பாங்கு வகையை அறிந்து அதற்கேற்பத் தேர்வையும் பயிற்சியையும் அமைத்துக்கொள்ள வேண்டும் என்ற பரிந்துரை. விளையாட்டின் பெயரையும் மாவட்டத்தின் பெயரையும் மாற்றினால் அடுத்த ஆய்வேடு ஆயத்தம். இந்த வார்ப்புக்கு அறிவியல் அடிப்படை இல்லை என்பதே என் வாதம். இது நூலகத் தட்டில் தூசி படியும் வேலையாக மட்டும் இருந்திருந்தால் இதை எழுத முனைந்திருக்க மாட்டேன். அந்தக் கடைசிப் பரிந்துரை ஆடுகளத்தில் நடைமுறைக்கு வருகிறது. அதன் விலையைப் பதினைந்து வயதுப் பிள்ளைகள் கொடுக்கிறார்கள்.

முதலில் இந்தப் பெட்டிகளின் வரலாற்றைப் பார்ப்போம். குருதி, மஞ்சட்பித்தம், கரும்பித்தம், கோழை ஆகிய நான்கு நீர்மங்களின் மிகையும் குறையும் உடல்நலத்தைத் தீர்மானிப்பதாக ஹிப்போகிரட்டிஸ் மரபு கருதியது. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் காலன் அந்நீர்மக் கொள்கையை மனித இயல்புகளோடு இணைத்தார். நம் மரபின் வாதம், பித்தம், கபம் என்ற பாகுபாடும் உடலிலிருந்து குணத்தைப் படித்துவிட வேண்டும் என்ற அதே விருப்பத்தின் உறவுதான். நீர்மக் கொள்கையை மருத்துவம் கைவிட்டது. நான்கு பெயர்கள் மட்டும் உளவியலில் தங்கிவிட்டன. பாவ்லோவ் நாய்களிடம் நடத்திய ஆய்வுகளிலிருந்து நரம்பு மண்டலத்தின் வலிமை, சமநிலை, இயங்குதன்மை என்ற மூன்று பண்புகளைக் கண்டு, அவற்றின் சேர்க்கைகளை அந்தப் பழைய நான்கோடு பொருத்தினார். ஐசெங்க் அகமுகம்–புறமுகம், உணர்ச்சி நிலைப்பு–நிலையின்மை என்ற இரு அச்சுகளை வரைந்து, அவற்றால் பிரியும் நான்கு கால்வட்டங்களில் அதே பெயர்களை எழுதினார்.

ஷெல்டனின் கதை இன்னும் படிப்பினை மிக்கது. 1942இல் வெளிவந்த நூலில், 200 இளைஞர்களின் உடலமைப்பையும் மனப்பாங்கையும் மதிப்பிட்டு, இரண்டுக்கும் இடையே 0.8 அளவுக்கு ஒட்டுறவு இருப்பதாக அவர் அறிவித்தார். உளவியலில் அவ்வளவு உயர்ந்த எண் அரிது. காரணம் எளியது: உடலை மதிப்பிட்டவரும் மனப்பாங்கை மதிப்பிட்டவரும் அவரே. பருத்தவர் சுகவிரும்பி, மெலிந்தவர் கூச்சமுடையவர் என்ற முன்னெண்ணம் இரு மதிப்பீடுகளிலும் ஒருசேரப் புகுந்தது. உடலமைப்பை அளக்கும் முறையாக ஹீத்–கார்ட்டர் 1967இல் அதைச் சீர்செய்தனர். அந்த அளவீடு இன்றும் பயன்படுகிறது. ஆனால் நம் மாணவர்கள் எண்டோமார்ஃப், மீசோமார்ஃப், எக்டோமார்ஃப் என்ற மூன்றையும் ஷெல்டன் ஒட்டவைத்த குணப்பட்டியலோடு சேர்த்தே மனப்பாடம் செய்து தேர்வு எழுதுகிறார்கள்.

வகைப்பாட்டுக்குச் சோவியத் விளையாட்டு அறிவியலைச் சான்றாகக் காட்டுவோர் உண்டு. பாவ்லோவின் வழிவந்த டெப்லோவும் நெபிலித்சினும் என்ன செய்தார்கள் என்று அவர்கள் பார்க்க வேண்டும். வகைகளை எண்ணுவதை விட்டு, ஒவ்வொரு நரம்பியல் பண்பையும் தனித்தனியே அளப்பதற்கு அவர்கள் நகர்ந்தார்கள். "வலிமை குன்றிய" நரம்பு மண்டலம் எனப்பட்டது, மெல்லிய தூண்டலையும் உணரும் நுண்ணுணர்வு மிக்கது என்றும் கண்டார்கள். குறை என்று பெயரிடப்பட்டது இன்னொரு கோணத்தில் ஆற்றலாக மாறியது. கிளீமவ் பல தறிகளை ஒரே நேரத்தில் கவனிக்கும் நெசவுத் தொழிலாளர்களை ஆராய்ந்தார். விரைந்து இயங்கும் இயல்புடையோர் நூல் அறுந்தவுடன் பாய்ந்து சென்று சரிசெய்தனர். மந்த இயல்புடையோர் அறுவதற்கு முன்பே தறிகளைச் சுற்றிப் பார்த்து, முன்னேற்பாடுகளால் அந்நிலையைத் தவிர்த்தனர். இருசாராரும் வேலையில் ஒரே தரத்தை எட்டினர். மனப்பாங்கு, திறனின் உச்சவரம்பைக் காட்டவில்லை. திறனை அடையும் வழியை வேறுபடுத்தியது. நாம் அந்த மரபிலிருந்து பெட்டிகளை மட்டும் இறக்குமதி செய்து, அதன் தலையாய கண்டுபிடிப்பைத் துறைமுகத்திலேயே விட்டுவிட்டோம்.

இனி எண்களுக்கு வருவோம். ஆளுமை வினாப்படிவத்தின் மதிப்பெண்ணுக்கும் ஒரு குறிப்பிட்ட சூழலில் வெளிப்படும் நடத்தைக்கும் இடையிலான ஒட்டுறவு 0.30ஐத் தாண்டுவது அரிது என்று வால்ட்டர் மிஷல் 1968இல் சுட்டினார். அதைக் குறித்து நெடிய விவாதம் நடந்திருக்கிறது. நாம் அந்த எண்ணையே எடுத்துக்கொள்வோம். 0.30இன் வர்க்கம் 0.09. அதாவது வீரர்களிடையே காணும் வேறுபாட்டில் 9 விழுக்காடு விளக்கம் பெறுகிறது. 91 விழுக்காடு பிறவற்றைச் சார்ந்தது. இப்போது, தொடர்ச்சியாக அமைந்த அம்மதிப்பெண்ணை இடைநிலையில் வெட்டி, மேலே நிற்போர் புறமுகிகள், கீழே நிற்போர் அகமுகிகள் என்று பிரியுங்கள். இயல்நிலைப் பரவலில் அந்த ஒரே வெட்டு, விளக்கும் ஆற்றலில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் அழித்துவிடும். 9 விழுக்காடு 6க்கும் கீழே இறங்கும். கோட்டுக்கு ஒரு மதிப்பெண் இப்புறமும் அப்புறமும் நிற்கும் இருவர் எதிரெதிர் வகையினராவர். கோட்டை ஒட்டி நிற்பவரும் கடைக்கோடியில் நிற்பவரும் ஒரே வகையினராவர். வகைப்படுத்துதல் தகவலைத் தெளிவாக்குகிறது என்பது மாயை. அது தகவலை எறிந்துவிட்டு, எஞ்சியதற்குப் பெயர் சூட்டுகிறது.

குழுவுக்கு முப்பது பேர் என்ற வழக்கத்தையும் கணக்கிட்டுப் பாருங்கள். நடுத்தர அளவிலான உண்மை வேறுபாடு இருந்தாலும் அதைக் கண்டறியும் வாய்ப்பு அந்த மாதிரியில் பாதிக்கும் குறைவு. கேட்டலின் படிவத்தில் 16 காரணிகள் உள்ளன. அவை ஒன்றையொன்று சாராதவை எனக் கொண்டு, ஒவ்வொன்றையும் 5 விழுக்காட்டு நிலையில் சோதித்தால், எந்த வேறுபாடும் இல்லாதபோதும் ஏதேனும் ஒன்று "குறிப்பிடத்தக்கது" என வெளிப்படும் வாய்ப்பு ஏறத்தாழ 56 விழுக்காடு. இருப்பதைக் காண்பதைவிட இல்லாததைக் காணும் வாய்ப்பு மிகுந்த கருவியை வைத்துக்கொண்டு முனைவர் பட்டங்களை வழங்கி வருகிறோம்.

இந்தப் பாதையில் பிறர் நம்மைவிட அரை நூற்றாண்டு முன்னரே நடந்து திரும்பிவிட்டார்கள். அமெரிக்காவில் ஓகில்வியும் டட்கோவும் 1960களின் இறுதியில் வீரர்களுக்கென்றே வினாப்படிவம் உருவாக்கி, 11 பண்புகளை அளந்து அணிகளுக்கு அறிக்கை தந்தனர். அதன் முன்கணிப்பு ஆற்றல் மீது கடும் ஐயங்கள் எழுந்தன. நம்புவோருக்கும் ஐயுறுவோருக்கும் இடையிலான அவ்விவாதம் துறையின் வரலாற்றில் தனி அத்தியாயம். மார்கன் பனிப்பாறை வடிவ மனநிலைப் படத்தை முன்வைத்தார். 1995இல் வெளியான தொகுப்பாய்வில், வெற்றி பெற்றோருக்கும் குறைவாக வென்றோருக்கும் இடையிலான வேறுபாட்டில் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவானதையே அது விளக்கியது.

"ஆனால் களத்தில் நாங்கள் இந்த வேறுபாட்டைக் கண்கூடாகப் பார்க்கிறோமே" என்று அனுபவமிக்க பயிற்றுநர்கள் கேட்பார்கள். இது எளிதில் ஒதுக்கத்தக்க கேள்வி அன்று. ஒருவர் போட்டிக்கு முன் தனிமையை நாடுகிறார், மற்றொருவர் பேசிக்கொண்டே இருக்கிறார். ஒருவருக்குக் கண்டிப்பு உரமூட்டுகிறது, மற்றொருவரை அது முடக்குகிறது. மனப்பாங்கு வேறுபாடுகள் உண்மையானவை. அவற்றில் ஒரு பகுதி மரபுவழி வருவது என்பதையும் மறுக்கவில்லை. அந்த வேறுபாட்டிலிருந்து திறனைப் பற்றிய தீர்ப்புக்குத் தாவுவதையே மறுக்கிறேன்.

பியோன் போர்க்கை டென்னிஸ் உலகம் பனிக்கட்டி என்றழைத்தது. சிறுவயதில் அவர் மட்டையை வீசியெறிந்து, தன் சங்கத்தாலேயே ஒதுக்கிவைக்கப்பட்டவர். ரோஜர் ஃபெடரரும் இளமையில் மட்டைகளை உடைத்தவரே. அந்த வயதில் வினாப்படிவம் நிரப்பியிருந்தால் இருவரும் எந்தப் பெட்டியில் விழுந்திருப்பார்கள்? பி.வி. சிந்து இயல்பில் மென்மையாகப் பேசுபவர். கோபிசந்த் அவரை ஆடுகளத்தில் நின்று உரக்கக் கத்தச் சொன்னதும், கத்தும்வரை மட்டையைத் தொட விடாததும் பலரும் அறிந்த செய்தி. கோபிசந்த் மென்மையானவர் வேண்டாம் என்று தள்ளவில்லை. அவருடைய இயல்பை மாற்றிவிட்டதாகவும் சொல்லிக்கொள்ளவில்லை. ஆட்டத்துக்குத் தேவையான ஒரு நடத்தையைத் தனியே பிரித்து, அதைத் திறனாகப் பயிற்றுவித்தார். 2016இல் ரியோவில் வெள்ளி, 2019இல் பாசலில் உலகப் பட்டம். எம்.எஸ். தோனியும் தனக்கும் மற்றவர்களைப் போலவே சினமும் ஏமாற்றமும் எழுவதாகவும், அவற்றைக் கட்டுப்படுத்துவதில்தான் வேறுபாடு என்றும் சொல்லியிருக்கிறார். நாம் "குளிர்ந்த குணம்" என்று பெயரிட்டது, அவர் கணக்கில் ஒரு பழக்கம்.

பயிற்றுநர்களின் உறுதிக்கு இன்னொரு விளக்கமும் உண்டு. ஃபோரர் 1949இல் வெளியிட்ட ஆய்வில், 39 மாணவர்களுக்கு ஒரே ஆளுமைக் குறிப்பைத் தனித்தனிக் குறிப்பு என்று சொல்லிக் கொடுத்தார். அது தமக்கு எவ்வளவு பொருந்துகிறது என்பதற்கு அவர்கள் தந்த சராசரி மதிப்பெண் ஐந்துக்கு 4.26. பொருந்துவதாகத் தோன்றுவது சான்று ஆகாது. சோதிடக் கட்டமும் பொருந்துவதாகவே தோன்றுகிறது.

இப்போது விலையைச் சொல்கிறேன். வட இந்தியாவில் நடந்த ஒரு தேர்வு முகாமில், பழங்குடிச் சிற்றூர்களிலிருந்து வந்திருந்த சிறுமிகளுக்கு ஆங்கில வினாப்படிவம் தரப்பட்டது. உதவியாளர் ஒருவர் கேள்விகளை இந்தியில் வாய்மொழியாக விளக்கினார். அது அச்சிறுமிகளுக்கு வீட்டுமொழி அன்று. கேளிக்கை விருந்துகளில் தன்னை மறந்து மகிழ்வதுண்டா என்ற பொருளில் ஒரு கேள்வி. விருந்துக்கே போயிராத பிள்ளை "இல்லை" என்று குறியிட்டாள். அவளுடைய தாளில் அகமுகி, பதற்றமிக்கவள் என்று எழுதப்பட்டது. குறுவிரைவு ஓட்டத்துக்கு மனவலிமை போதாது என்று பயிற்றுநர் முடிவு செய்தார். அவளுடைய ஓட்ட நேரம் அதே கோப்பில், அதற்கு முந்தைய பக்கத்தில் இருந்தது. வீட்டைவிட்டு முதன்முறை வெளியே தங்கிய ஒரு வார அச்சம், பிறவிக் குணமாகப் பதிவாயிற்று. ஆங்கிலம் அறிந்த, நகரத்துப் பள்ளியில் பயின்ற பிள்ளைக்கு இந்தப் படிவம் இப்படித் தீங்கிழைக்காது. ஆகவே இது முறையியல் பிழை மட்டுமன்று. யாரை வடிகட்டுகிறோம் என்ற கேள்வியும்கூட.

மாற்று என்ன என்று கேட்பது நியாயம். சோவியத் மரபில் வளர்ந்து பின்லாந்தில் பணியாற்றிய யூரி ஹானின் ஒரு வழியைக் காட்டியிருக்கிறார். ஒரே வீரரின் சிறந்த ஆட்டங்களிலும் மோசமான ஆட்டங்களிலும் அவருடைய பதற்றமும் பிற உணர்ச்சிகளும் எந்த அளவில் இருந்தன என்று பலமுறை பதிந்து, அவருக்குரிய உகந்த எல்லையைக் கண்டறிவது அம்முறை. ஒருவருக்கு மிகுந்த பதற்றத்தில் சிறந்த ஆட்டம் வரலாம். மற்றொருவருக்குக் குறைந்த பதற்றத்தில். அங்கே வீரர் தம்மோடு தாமே ஒப்பிடப்படுகிறார். அறுபது பேரிடம் ஒருமுறை கேட்பதற்குப் பதிலாக, ஆறு பேரிடம் ஒரு பருவம் முழுதும் கேட்கும் ஆய்வு இது. உழைப்பு மிகுதி; பயிற்றுநருக்கு உண்மையில் உதவுவதும் இதுவே.

எனவே நெறியாளர்களிடம் நான்கு வேண்டுகோள்கள். ஆளுமைப் படிவத்தின் அடிப்படையில் அணித் தேர்வு செய்யலாம் என்ற பரிந்துரையை, முன்கணிப்புச் சான்று இல்லாத எந்த ஆய்வேட்டிலும் அனுமதிக்காதீர்கள். பங்கேற்போரின் மொழியில் ஏற்புடைமை சோதிக்கப்படாத படிவத்தைப் பயன்படுத்த விடாதீர்கள். தொடர் மதிப்பெண்ணை வகைகளாக வெட்டினால், அதற்கான காரணத்தை வாய்மொழித் தேர்வில் கேளுங்கள். ஒருமுறை அளந்து இரு குழுக்களை ஒப்பிடும் ஆய்வில், விளையாட்டு அம்மனப்பாங்கை உருவாக்கியதா, அம்மனப்பாங்கு உடையோர் விளையாட்டில் நிலைத்தனரா என்பதைப் பிரித்தறிய இயலாது என்பதை முடிவுரையில் எழுதச் செய்யுங்கள்.

சக ஆய்வாளர்களே, மாதிரியைத் திரட்டுவது எளிது, காலம் குறைவு, உதவித்தொகை தாமதமாகிறது என்பதெல்லாம் எனக்கும் தெரியும். நானும் அதே வரிசையில் நிற்பவன். ஆயினும் நாம் எழுதும் கடைசிப் பக்கத்தை ஒரு மாவட்டப் பயிற்றுநர் உண்மை என்று நம்பி, ஒரு பிள்ளையின் பெயருக்கு எதிரே குறியிடக்கூடும். அந்தப் பக்கத்தை எழுதுமுன், நம் தரவு அக்குறியைத் தாங்குமா என்று கணக்கிட்டுப் பாருங்கள். தாங்காது என்றால், தாங்காது என்பதையே முடிவாக எழுதுங்கள். அதுவும் ஆய்வு முடிவுதான்.