ரயிலுக்கு ஏற்ற ஊர்

பொம்மை ரயில் வாங்குவது, கையில் பணம் இருப்பவர்களுக்குச் சுலபமான காரியம். அந்த ரயில் போய் நிற்பதற்கு ஓர் ஊரை உண்டாக்குவதுதான் சிரமம். பெட்டியைப் பிரித்து, தண்டவாளத்தை வட்டமாகப் பூட்டி, விசையைத் திருப்பினால் வண்டி ஓடுகிறது. முதல் நாள் வீடு முழுவதும் கூடி நின்று பார்க்கிறது. நாலாம் நாள் பையன் மட்டும் பார்க்கிறான். பத்தாம் நாள் அவனும் பார்ப்பதில்லை. ரயிலின் பேரில் குற்றம் இல்லை. எங்கிருந்தும் புறப்படாமல், எங்கும் போய்ச் சேராமல் சுற்றிக்கொண்டேயிருக்கும் வண்டியில் யாருக்குத்தான் எத்தனை நாள் சிரத்தையிருக்கும்?

உடனே தகப்பனார் கடைக்குப் போகிறார். நாலு மரம், ஒரு மாதா கோயில், ஒரு சுரங்கம், பத்துப் பசுமாடு, ஒரு பனிமலை ஆகியவற்றை வாங்கி வந்து வட்டத்தைச் சுற்றி அடுக்குகிறார். இப்போது ரயில் ஒரு பொம்மைக் கடைக்குள் ஓடுகிறது. முன்பாவது வெறுந்தரையில் ஓடிற்று. தரையைப் பார்த்து நாமாக ஏதாவது கற்பனை செய்துகொள்ள இடமிருந்தது!

நமது வீடுகளில் இந்தக் கலைக்கு ஓர் உறவுக்காரி இருக்கிறாள். நவராத்திரியில் கொலுப்படிக்கு முன்னால் பார்க் அமைக்கிறோமே, அவளைத்தான் சொல்லுகிறேன். மணலைப் பரப்பி, கண்ணாடித் துண்டைக் குளமாக்கி, கடுகும் கேழ்வரகும் முளைக்கப் போட்டுப் புல்வெளி உண்டாக்கி, மலையில் கோயிலும் அடிவாரத்தில் ரயிலும் வைக்கிற பெண்மணிகளுக்கு இந்தத் தொழிலில் பாதி ஏற்கெனவே தெரியும். ஆனால் கொலுவுக்கு ஒரு சலுகை உண்டு. அங்கே கிளி யானையைவிடப் பெரிதாயிருக்கலாம். செட்டியார் பொம்மை கோபுரத்துக்குமேல் தலை தூக்கலாம். அஃது அம்பிகையின் தர்பார். அங்கே அளவைப் பற்றிக் கேள்வி கேட்பாரில்லை. மாதிரி ரயில் அமைப்பிலோ தண்டவாளமே ஓர் அளவுகோல். அதைத் தரையில் பதித்த மாத்திரத்தில், பக்கத்தில் வரும் ஒவ்வொரு வஸ்துவும் அதற்குப் பதில் சொல்லியாகவேண்டும்.

இங்கிலாந்தில் வழங்கும் அளவில் ஓர் அடிக்கு நாலு மில்லிமீட்டர். அதாவது எழுபத்தாறில் ஒரு பங்கு. மற்ற தேசங்களில் எண்பத்தேழில் ஒரு பங்கு அதிகம் வழங்குகிறது. ஓர் அடிக்கு மூன்றரை மில்லிமீட்டர். நாலு மில்லிமீட்டர்க் கணக்கில் ஐந்தரை அடி மனிதர் இருபத்திரண்டு மில்லிமீட்டர் இருப்பார். ஆறரை அடிக் கதவு இருபத்தாறு. இவற்றில் அநேகமாக யாரும் தவறுவதில்லை. மரத்தில்தான் எல்லோரும் தவறுகிறார்கள். அறுபது அடி மரத்துக்கு இருபத்துநாலு சென்டிமீட்டர் உயரம் வரவேண்டும். கடையில் விற்கிற மரம் பெரும்பாலும் அதில் பாதிகூட இருப்பதில்லை. ரயில் பெட்டிக்குச் சமமாக நிற்கும் ஆலமரத்தைக் கண்டால், மனசு அந்தக் காட்சியை நம்ப மறுத்துவிடுகிறது. ஏன் மறுக்கிறது என்று பார்க்கிறவருக்குச் சொல்லத் தெரியாது.

இனி, இந்தக் கலையை இந்த நிலைக்குக் கொண்டுவந்த ஒரு மனிதரைப் பற்றிச் சொல்லவேண்டும். ராய் இங்கிலாந்து என்பது அவர் பெயர். பெயர்தான் இங்கிலாந்து, பிறந்தது ஆஸ்திரேலியாவில். 1925-ஆம் வருஷம் இளைஞராகக் கப்பலேறி வந்து, ‘வெள்ளைக் குதிரைப் பள்ளத்தாக்கு’ என்று வழங்கும் கிராமப் பிரதேசத்தில் தங்கினார். சுண்ணாம்புக் குன்றின் சரிவில் பழங்காலத்து மக்கள் செதுக்கிய வெள்ளைக் குதிரையின் உருவத்தால் அந்தப் பிரதேசத்துக்கு அப்பெயர். வைக்கோல் கூரை வேய்ந்த வீடுகள், கோணலான செங்கற் சுவர்கள், வாசலில் பூந்தோட்டம் - அவ்வளவும் அவருக்குப் புதுமையாயிருந்தன. அவ்வளவும் அவர் கண்ணெதிரே மறைந்துகொண்டும் இருந்தன. கூரையைப் பிரித்துவிட்டுத் தகடு போட்டார்கள். பழைய சுவரை இடித்துவிட்டுப் புதிது கட்டினார்கள். ஊரார் கண்ணுக்கு இதில் விசேஷம் எதுவும் தெரியவில்லை. அவர்கள் பிறந்ததுமுதல் பார்த்த வீடுகள்தாமே! கடல் கடந்து வந்தவருக்குத் தெரிந்தது.

அவர் செய்தது என்ன? அந்த வீடுகளை அளந்தார், நிறங்களைக் குறித்துக்கொண்டார், அட்டையை வெட்டி, செங்கற்களை வரிவரியாகக் கீறி, நீர்வர்ணம் தீட்டி, அடிக்கு நாலு மில்லிமீட்டர் அளவில் வீடுகளைக் கட்ட ஆரம்பித்தார். குழாய் இணைப்புகளில் சுற்றுகிற சணல்நாரைக் கூரைக்கு வைக்கோலாக வேய்ந்தார்கள். ஒரு குடிசைக்கு மாதக்கணக்கில் பொழுது செலவாயிற்று. இவ்வளவும் ஒரு விளையாட்டு ரயிலின் ஓரத்தில் வைப்பதற்கா என்று கேட்டவர்களும் இருந்திருப்பார்கள். லாங் விட்டன்ஹாம் என்னும் கிராமத்தில் 1954-இல் இந்த முயற்சி ‘பெண்டன்’ என்ற காட்சிசாலையாக உருப்பெற்றது. தொண்டர்கள் சேர்ந்தார்கள். இங்கிலாந்து 1995-இல் காலமானார். பள்ளத்தாக்கின் காட்சி அவருக்குப் பின்னும் வளர்ந்துகொண்டே வந்தது. அந்த மேஜைமீது இருப்பது 1930-ஐ ஒட்டிய கிராமம். அங்கே ரயில் ஓடுகிறது என்பது உண்மை. ஆனால் பார்க்கிறவர்கள் ரயில் வருவதைக்கூட மறந்து, ஒரு வீட்டுக் கொல்லையில் கோஸ் பாத்தியைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

அதே காட்சிசாலையில் இன்னொரு பழைய அமைப்பும் இருக்கிறது. ஜான் ஆஹெர்ன் என்பவர் 1930-களின் பிற்பகுதியில் தம் வீட்டில் தொடங்கிய ‘மேடர் பள்ளத்தாக்கு ரயில்வே’ அது. அப்படி ஓர் ஊர் இங்கிலாந்தில் எங்கும் கிடையாது. ஆனால் அதிலுள்ள கட்டடங்களில் பலவற்றை அவர் வெவ்வேறு ஊர்களில் கண்ணால் கண்டு, இஷ்டப்பட்டு, கொண்டுவந்து சேர்த்தார். அக்காலத்து மாதிரி ரயில்காரர்கள் மேஜை கொள்ளுமட்டும் தண்டவாளம் போட்டார்கள். எஞ்சிய மூலையில் ஒரு மரத்தை நட்டார்கள். ஆஹெர்ன் ஒற்றை வழிச் சிறு ரயிலை மட்டும் விட்டு, மற்ற இடமெல்லாம் நிலத்துக்கே கொடுத்தார். இருந்த வீடுகளை உள்ளபடி காப்பாற்றியவர் ஒருவர். இல்லாத ஊரை இருப்பதுபோல் நம்பவைத்தவர் மற்றொருவர். நேரில் பார்த்ததை ஆதாரமாகக் கொண்டதில் இருவரும் ஒன்றுதான்.

அமெரிக்காவில் ஜான் ஆலன் என்று ஒருவர் இருந்தார். புத்தம் புதிதாகப் பளபளக்கும் வண்டிகளுக்குத் துருவும் புகையும் புழுதியும் பூசி, உழைத்த வண்டிகளாக்கிக் காட்டியவர். ஒரு மூலையில், என்ஜினுக்குப் பதிலாகப் பூர்வகால மிருகமொன்றை வண்டி இழுக்க வைத்தவரும் அவரே. ஹாஸ்யத்துக்கு இடம் கொடாத கலை கலையல்ல என்பது அவர் அபிப்பிராயமாயிருக்க வேண்டும்! 1973 ஜனவரியில் அவர் காலமான சில நாட்களுக்குள் அந்த அமைப்பின் பெரும்பகுதி நெருப்புக்கு இரையாயிற்று. எஞ்சியவை பெரும்பாலும் புகைப்படங்களே.

இதை நம் வீட்டுக்குக் கொண்டுவருவோம். பெட்டியில் விற்கும் மரமும் வீடும் பெரும்பாலும் ஜெர்மானிய மலைக்கிராமத்தைச் சேர்ந்தவை. தேவதாரு மரத்தடியில் நம் பையனுடைய ரயில் நிற்பதில் பாவமொன்றுமில்லை. ஆனால் அந்த ஊரைப் பற்றி அவனுக்கு ஒன்றும் தெரியாது. அவனுடைய பாட்டனார் இறங்கி ஏறிய ஸ்டேஷனைப் பற்றிக் கேட்டால் வீட்டிலேயே பத்துப் பேர் சொல்லுவார்கள். சொல்லக்கூடியவர்கள் இருக்கும்போதே கேட்கவேண்டும் என்பதுதான் விஷயம். தேசத்துப் பாதைகளையெல்லாம் ஒரே அகலமாக்கும் திட்டம் 1992-இல் தொடங்கிற்று. நம் ஜில்லாக்களில் ஓடிய மீட்டர் கேஜ் பாதைகள் அதன்பின் ஒவ்வொன்றாக மறைந்தன. சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் நடுவே 1931 முதல் ஓடிய மீட்டர் கேஜ் மின்சார வண்டியே 2004-இல் நின்றுபோயிற்று. சிறு ஸ்டேஷன்கள் பலவற்றில் ஓட்டுக் கூரை போய்க் கான்கிரீட் வந்தது. பாதை அகலமானது நல்லதே, பிரயாணம் துரிதமாயிற்று, அதைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் அந்த ஸ்டேஷன் எப்படியிருந்தது என்பதை யாராவது அளந்து வைத்தார்களா?

மஞ்சள் பலகையில் மூன்று பாஷைகளில் கறுப்பு எழுத்து. கீழே, கடல் மட்டத்துக்குமேல் இத்தனை உயரம் என்ற குறிப்பு. சிவப்பு வாளிகளில் மணல். மேடையோரம் சுண்ணாம்பு அடித்த கற்கள். கைகாட்டி மரம். டிரைவர் ஓடும் வண்டியிலிருந்து கை நீட்டி வாங்கும் பிரம்பு வளையம். வேப்பமரத்தடியில் சிமெண்டுப் பெஞ்சி, தண்ணீர்ப் பானை. இவற்றைக் கடையில் தேடவேண்டாம். அட்டையும் கம்பியும் களிமண்ணும் போதும். எண்பத்தேழில் ஒரு பங்கு அளவில், பன்னிரண்டு மில்லிமீட்டர் அகலத் தண்டவாளம் மீட்டர் கேஜுக்கு அநேகமாகச் சரியாக வரும். சுவிட்சர்லாந்தின் மலைப்பாதைகளை முன்னிட்டு அந்தத் தண்டவாளம் விற்பனைக்கும் கிடைக்கிறது.

செய்முறையில் சிலவற்றை மட்டும் சொல்லுகிறேன். தண்டவாளத்துக்கு நடுவே ஜல்லி போடும்போது, சலித்தெடுத்த சன்ன மணலைத் தூவி, தூரிகையால் கட்டைகளின் இடையில் ஒதுக்கி, தச்சர்கள் உபயோகிக்கும் வெள்ளைப் பசையைத் தண்ணீரில் கரைத்து, ஒரு சொட்டுச் சோப்பு நீரும் சேர்த்து, மருந்து ஊசிக் குழலால் சொட்டுச் சொட்டாக விடவேண்டும். சோப்பு இல்லாவிட்டால் பசை உள்ளே இறங்காமல் முத்தாக நின்று மணலைக் கலைத்துவிடும். இரவு முழுவதும் காயட்டும். குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதிருப்பது இந்த வேலையில் மிகக் கடினமான பகுதி.

குளத்துக்கு நிஜத் தண்ணீர் விடவேண்டாம். தண்ணீரைச் சின்னதாக்க முடியாது. துளி துளியாகவே நிற்கும். அடியில் கருமையும் பச்சையுமாக வர்ணம் தீட்டி, மேலே வார்னிஷ் நாலைந்து பூச்சுப் பூசினால் ஆழமான குளமாகிவிடும். கொலுக் குளத்தின் கண்ணாடிக்கும் இந்த வித்தை பொருந்தும், அடிப்பக்கத்தில் பூசவேண்டும்.

வர்ணத்தை டப்பாவில் உள்ளபடியே பூசுவதுதான் பெரும்பாலான அமைப்புகளைக் கெடுக்கிறது. வெகு தூரத்திலிருந்து பார்க்கும் பொருள் எதற்கும் முழு நிறம் இல்லை. மேஜைமேல் இருக்கும் கோயிலை ஓர் எட்டில் நின்று பார்க்கிறோம். ஊர்க்கணக்கில் அது இருநூறு அடி தூரம். ஆகவே சிவப்பு, பச்சை, எல்லாவற்றிலும் கொஞ்சம் சாம்பல் நிறம் கலக்கவேண்டும். அப்புறம் புழுதி. நமது தேசத்தில் அது தாராளம். ஸ்டேஷன் சுவரின் அடியில் இரண்டு அடி உயரத்துக்குச் செம்மண் ஏறியிருக்கும். அதைப் பூசாவிட்டால் அந்த ஊரில் ஒருநாளும் மழை பெய்யவில்லை என்று அர்த்தம்.

மனித உருவங்களைக் குறைவாக வையுங்கள். ஓடுகிற பாவனையில் ஒருவனை வைத்தால் அவன் என்றென்றும் ஒற்றைக் காலைத் தூக்கியபடியே நிற்பான். உட்கார்ந்திருப்பவர், சாய்ந்திருப்பவர், வண்டிக்காகக் காத்திருப்பவர் - இவர்களே இந்த உலகத்துக்கு ஏற்ற பிரஜைகள். நம் ஸ்டேஷன்களில் அவர்களுக்கு என்றுமே பஞ்சமில்லை.

அடுத்த விடுமுறைக்கு ஊருக்குப் போகிறவர்கள் அளவுநாடா ஒன்றும் நோட்டுப் புத்தகம் ஒன்றும் எடுத்துச் செல்லுங்கள். கதவின் உயரம், திண்ணையின் அகலம், ஒரு தூணிலிருந்து அடுத்த தூணுக்கு உள்ள தூரம் ஆகியவற்றை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். எட்டாத உயரங்களுக்கு, உயரம் தெரிந்த ஒருவரைச் சுவரோரமாக நிறுத்திப் புகைப்படம் எடுத்தால் போதும். கணக்கை வீட்டில் வந்து போட்டுக்கொள்ளலாம். குழந்தையை நிறுத்தினால் அன்றைய தேதியில் அதன் உயரத்தையும் குறித்து வையுங்கள். அடுத்த வருஷம் கணக்குத் தப்பிவிடும்.