நூல் பிடித்த வழி

குழந்தையின் பூகோள உருண்டையைச் சற்று எடுத்து வாருங்கள். தையல் பெட்டியிலிருந்து ஒரு நூலும் வேண்டும். ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையில் பெர்த் நகரம் இருக்கிறதல்லவா? நூலின் ஒரு நுனியை அங்கே வைத்து, மறு நுனியை லண்டனில் வைத்து இழுத்துப் பிடியுங்கள். அதுதான் மிகக் குறுகிய வழி. தூரம் சுமார் 14,500 கிலோ மீட்டர். பழைய கணக்கில் 9,000 மைல். சுவரில் மாட்டிய தேசப்படத்தை அளந்தால் கணக்கு உதைக்கும். ஆரஞ்சுத் தோலைக் கிழியாமல் தட்டையாக விரிக்க முடியுமா?

1947 டிசம்பர் 1-ம் தேதி, குவாண்டாஸ் விமானம் ஒன்று 29 பிரயாணிகளுடன் சிட்னியிலிருந்து லண்டனுக்குக் கிளம்பியது. டார்வின், சிங்கப்பூர், கல்கத்தா, கராச்சி, கெய்ரோ, திரிபோலி என்று ஊர் ஊராய் இறங்கி ஏறிப் போய்ச் சேர 4 நாள் ஆயிற்று! 2018 மார்ச்சில் அதே கம்பெனி, பெர்த்தில் ஏறினால் லண்டனில்தான் இறங்குவது என்று நேர் விமானம் விட்டது. பிரயாணம் சுமார் 17 மணி நேரம்.

இதில் கடிகாரம் ஒரு வேடிக்கை செய்யும். லண்டனில் கோடைக்காலம் என்று வைத்துக் கொள்ளுங்கள். பெர்த்தில் மாலை 7 மணிக்கு ஏறுகிற பெண் மறுநாள் காலை 5 மணிக்கு லண்டனில் இறங்குவாள். "பத்தே மணி நேரமா?" என்று வியக்காதீர்கள். அப்போது பெர்த்தில் பகல் 12 மணி! "விடியற்காலையில் சேர்ந்து விடுவேன் அம்மா" என்று மகள் சொன்னதை நம்பித் தாய் டெலிபோன் அருகில் உட்கார்ந்தால், உச்சி வேளை வரை வயிற்றில் நெருப்புத்தான்.

காற்றுக்கும் இதில் பங்கு உண்டு. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே பலமாக வீசுகிறது. லண்டனுக்குப் போகும்போது எதிர்க்காற்று. திரும்பும்போது அதுவே பின்னால் நின்று தள்ளும். 2024 ஏப்ரலில் ஈரான் பக்கத்து வானத்தைத் தவிர்க்க வேண்டி வந்தது. சுற்றிப் போக எண்ணெய் போதாமல், போகிற விமானம் சிங்கப்பூரில் இறங்கி நிரப்பிக் கொண்டது. வருகிற விமானமோ காற்றின் புண்ணியத்தில் நேராகவே வந்தது.

சண்டை வழி மறிப்பது புதிதல்ல. 1942-ல் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமாயிற்று. பழைய வழி அடைபட்டது. 1943 முதல் 1945 வரை பெர்த்திலிருந்து இலங்கையின் கொக்கலை ஏரிக்கு நீர்விமானம் பறந்தது. மூன்று பேருக்கு மேல் இடமில்லை. ஏறக்குறைய 30 மணி நேரம். வழியில் இரண்டு சூரியோதயம்! 'இரட்டைச் சூரியோதயம்' என்றே அதற்குப் பெயர். எதிரி கேட்டுவிடுவான் என்று ரேடியோவும் மௌனம். காத்திருந்தவர்கள் பாடு எப்படி இருந்திருக்கும்?

ஆகவே, வீட்டிலிருந்து யாராவது தூர தேசம் கிளம்பினால், சேரும் நேரத்தை இரண்டு ஊர்க் கணக்கிலும் எழுதி டெலிபோன் அருகில் ஒட்டி வையுங்கள். மேலே இரண்டு மணி நேரம் கூட்டிக் கொள்ளுங்கள். நூல் நேரானதுதான். முடிச்சுப் போடுவது மனிதர்கள் அல்லவா?