சோற்றின் மேல் பழி போடாதீர்கள்

ஒரத்தநாட்டுப் பக்கம் பொங்கல் விளையாட்டு என்றால் சைக்கிளுக்கு ஒரு போட்டி உண்டு. காலை ஊன்றாமல், கோட்டைத் தாண்டாமல், யார் கடைசியாக வந்து சேர்கிறாரோ அவருக்குத்தான் எவர்சில்வர் குடம். முன்பெல்லாம் கீழே இறங்காமல் நாள்கணக்கில் சைக்கிள் சுற்றுகிறவர்கள் ஊர்த் திடலுக்கு வருவார்கள். அவர்கள் சட்டையில் ரூபாய் நோட்டைக் குத்திவிட்டு வருவோம். மெதுவாக ஓட்டுவதற்கு மரியாதை உண்டு, ஓயாமல் ஓட்டுவதற்கும் உண்டு. வேகமாக ஓட்டுகிற பிள்ளைக்கு மட்டும் ஒரே பதில்தான்: "சோறு திங்கிற உடம்புடா தம்பி. வேகமெல்லாம் நமக்கு வராது."

பள்ளி மைதானத்தில் இதைக் கேட்டிருக்கிறேன். டீக்கடையில் கேட்டிருக்கிறேன். நெல் விற்ற காசில் வாழ்கிறவர்களே இதைச் சொல்லக் கேட்டிருக்கிறேன். பிள்ளை ஏமாந்துவிடக் கூடாதே என்ற அக்கறையில்தான் சொல்கிறார்கள். ஆனாலும் இது பொய். எத்தனையோ பிள்ளைகளின் கால்களைத் தொடக்கத்திலேயே கட்டிப்போட்ட பொய்.

சைக்கிளில் வேகத்தின் உச்சம் எது என்றால், ஓடுதளத்தில் நடக்கும் ஸ்பிரிண்ட் போட்டி. 250 மீட்டர் சுற்றளவுள்ள தளம், வளைவுகளில் சுவர்போல் சாய்ந்து நிற்கும். சைக்கிளுக்கு பிரேக் கிடையாது, ஒரே கியர். சக்கரம் சுழலும் வரை பெடலும் சுழன்றுகொண்டே இருக்கும். இரண்டு பேர் மோதுவார்கள், மூன்று சுற்று. தொடக்கத்தில் இருவரும் ஊர்ந்து செல்வார்கள். சில நேரம் காலை ஊன்றாமல் அப்படியே அசையாமல் நிற்பார்கள். பின்னால் வருகிறவருக்குக் காற்றின் தடை குறைவு என்பதால், எதிராளியை முன்னே போகவிடுவதற்கு இந்த உத்தி. பிறகு ஒரு நொடியில் பாய்ச்சல். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கின் தகுதிச் சுற்றில் நெதர்லாந்தின் ஹாரி லாவ்ரெய்சன் 200 மீட்டரை 9.088 வினாடியில் கடந்தார். மணிக்கு ஏறத்தாழ 79 கிலோமீட்டர். மோட்டார் இல்லை, கால் மட்டும்.

இந்த விளையாட்டில் உலகமே வியந்து பார்த்த ஆட்சி ஒன்று உண்டு. 1977 முதல் 1986 வரை, தொழில்முறை ஸ்பிரிண்ட் உலகப் பட்டத்தைத் தொடர்ந்து 10 முறை வென்றவர் கோயிச்சி நகானோ. அவர் ஜப்பானியர். மூன்று வேளையும் சோறு தின்று வளர்ந்த நாட்டின் பிள்ளை. அவர் வந்தது கெய்ரின் என்ற சைக்கிள் பந்தய மரபிலிருந்து. 1948இல் கொக்குரா நகரில் தொடங்கிய அந்தப் பந்தயத்துக்கு ஜப்பான் முழுவதும் ஓடுதளங்கள் எழுந்தன. வீரர்களைப் பயிற்றுவிக்கத் தனிப் பள்ளியே நடக்கிறது. ஓட்டுகிறவருக்கு அது வாழ்நாள் தொழில். அரிசி தடுக்கவில்லை. தளமும் பள்ளியும் சம்பளமும் பத்துப் பட்டங்களை விளைவித்தன.

ஜப்பான் பணக்கார நாடு என்பீர்கள். சரி, மலேசியாவுக்கு வாருங்கள். தெரெங்கானு மாநிலத்துக் கடற்கரை ஊரான டுங்குனில் பிறந்தவர் அசிசுல்ஹஸ்னி அவாங். உயரம் ஏறத்தாழ ஐந்தரை அடி. நம் தெருவில் நடந்து போனால் திரும்பிப் பார்க்க மாட்டோம். 2011இல் மான்செஸ்டரில் நடந்த உலகக் கோப்பைப் பந்தயத்தில் விழுந்தபோது, தளத்தின் மரச்சிம்பு ஒன்று அவர் கெண்டைக்காலை ஒரு பக்கம் துளைத்து மறுபக்கம் வந்தது. அந்தக் காலோடு எழுந்து ஓட்டி எல்லைக்கோட்டைக் கடந்தார். 2016 ரியோ ஒலிம்பிக்கில் கெய்ரின் வெண்கலம், 2017இல் உலகப் பட்டம், டோக்கியோ ஒலிம்பிக்கில் வெள்ளி. இவ்வளவும் செய்தது சோறும் மீன்குழம்பும் தின்று வளர்ந்த உடம்பு. ஆனால் அந்த உடம்பு ஆண்டுக்கணக்கில் மெல்போர்னில் தங்கி, ஜான் பீஸ்லி என்ற பயிற்சியாளரின் கண்முன்னே உழைத்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

நம் நாட்டுக்கு வருவோம். 2004 சுனாமியின்போது கார் நிக்கோபாரில் ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி மரத்தைப் பற்றிக்கொண்டு உயிர் தப்பினாள். டெபோரா ஹெரால்ட் என்ற அந்தச் சிறுமி, 2015இல் 500 மீட்டர் பந்தயத்தின் உலகத் தரவரிசையில் 4ஆம் இடம் வரை வந்தார். அதே அந்தமான் நிக்கோபார் தீவுகளிலிருந்து வந்த ஈசோ ஆல்பன், 2018இல் சுவிட்சர்லாந்தின் எய்கல் நகரில் நடந்த ஜூனியர் உலகப் போட்டியில் கெய்ரின் வெள்ளி வென்றார். மறு ஆண்டு ஜெர்மனியில், அவரும் மணிப்பூரின் ரொனால்டோ சிங்கும் ரோஜித் சிங்கும் சேர்ந்த அணி ஜூனியர் உலகத் தங்கத்தையே வாங்கி வந்தது. 2022 ஜூனில் டெல்லியில் நடந்த ஆசியப் போட்டியில் ரொனால்டோ சிங், பெரியவர்களுக்கான ஸ்பிரிண்டில் வெள்ளி வென்றார். மணிப்பூரில் என்ன சாப்பிடுகிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். காலையும் மாலையும் சோறு. பளுதூக்குதலில் 115 கிலோவைத் தலைக்கு மேல் தூக்கி டோக்கியோவில் வெள்ளி வென்ற மீராபாய் சானுவும் அதே மணிப்பூர்ச் சோற்றில் வளர்ந்தவர்தான். அவ்வளவு தூரம் போவானேன்? 2014, 2018 காமன்வெல்த் போட்டிகளில் பளுதூக்கித் தங்கம் வென்ற சதீஷ் சிவலிங்கம் நம் வேலூர்க்காரர்.

உடலியல் என்ன சொல்கிறது? பத்து வினாடி உச்ச வேகத்துக்குத் தசை இரண்டு சேமிப்புகளைச் செலவழிக்கிறது. ஒன்று தசையிலேயே தயாராக இருக்கும் பாஸ்போகிரியாட்டின். மற்றொன்று கிளைகோஜன், அதாவது தசையில் சேர்த்துவைத்த மாவுச்சத்து. அந்தக் கிளைகோஜன் எதிலிருந்து வருகிறது? சோற்றிலிருந்தும் ரொட்டியிலிருந்தும் கிழங்கிலிருந்தும்தான். வேகத்தின் எரிபொருளையே வேகத்தின் எதிரி என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம். உழைக்காமல் உட்கார்ந்து தின்றால் சோறு நோயாகும், உண்மை. அது உட்கார்ந்ததன் குற்றம்.

நம் சாப்பாட்டில் குறையே இல்லை என்று நான் சொல்லவில்லை. தட்டில் சோறு மலையாகவும் பருப்பு ஓரமாகவும் இருந்தால் தசை வளராது. எடை தூக்கிப் பயிற்சி செய்கிற பிள்ளைக்குப் புரதம் கூடுதலாக வேண்டும். ஆனால் அதற்கு வெளிநாட்டு டப்பாவைத் தேட வேண்டியதில்லை. அறுவடை முடிந்த வயலில் உளுந்தும் பயறும் தெளிக்கிற ஊர் இது. குளத்தில் கெண்டையும் விராலும் கிடக்கின்றன, கொல்லையில் கோழி மேய்கிறது. பிறவியில் வேகத் தசை கூடுதலாக அமைந்தவர்கள் சிலரே என்பதும் உண்மை. அந்தச் சிலர் எல்லா ஊரிலும் பிறக்கிறார்கள். ஒரத்தநாட்டில் பிறந்தவர் யார் என்று நாம் தேடியதே இல்லை.

கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ நெல் மூட்டையைச் சுமந்துகொண்டு, சாய்த்துவைத்த பலகை வழியே லாரிக்கு ஏறுகிற தொழிலாளியின் தொடையைப் பாருங்கள். நாள் முழுக்க ஏறி இறங்குகிற அந்தக் கால் எதைத் தின்று நடக்கிறது? அவருடைய மகளுக்கு பிளஸ் ஒன் படிக்கும்போது அரசு மிதிவண்டி கிடைக்கிறது. கல்லணைக் கால்வாய்க் கரையில் எதிர்காற்றை மிதித்துத்தான் அவள் பள்ளிக்குப் போகிறாள். அவள் 200 மீட்டரை எத்தனை வினாடியில் கடக்கிறாள் என்று ஒருவரும் கடிகாரம் பிடித்துப் பார்த்ததில்லை. நம் மாநிலத்தின் சைக்கிள் ஓடுதளம் சென்னை அருகே மேலக்கோட்டையூரில் இருக்கிறது. இங்கிருந்து 300 கிலோமீட்டருக்கு மேல். டெல்டாவில் பயிற்சிக்கு ஒரு கான்கிரீட் தளமாவது வேண்டும், பிரேக் இல்லாத பத்து சைக்கிள்களாவது வேண்டும், அதைத் தெரிந்த பயிற்சியாளர் ஒருவர் வேண்டும். இவற்றைக் கேட்க வேண்டிய இடத்தில் கேட்காமல் இருப்பதற்கு, "சோறு திங்கிற உடம்பு" என்ற பேச்சு வசதியாகப் போய்விட்டது. உடம்பின் மேல் பழி போட்டுவிட்டால் யாரும் எதையும் கட்டித்தர வேண்டியதில்லை.

நம்மிடம் ஒன்றுமே இல்லை என்றும் நினைக்காதீர்கள். காலை ஊன்றாமல் சைக்கிளை நிறுத்திவைக்கிற வித்தை ஸ்பிரிண்ட் வீரருக்கு அவசியம் என்று மேலே சொன்னேன். நம் பிள்ளைகள் அதைப் பொங்கல் திடலிலேயே கற்றுவிடுகிறார்கள். அடுத்த பாதியான பாய்ச்சலைத்தான் நாம் கேட்டதில்லை.

விழாக் குழுவினருக்கும் உடற்கல்வி ஆசிரியர்களுக்கும் என் வேண்டுகோள் இதுதான். வரும் பொங்கலில் மெதுசைக்கிள் போட்டி முடிந்ததும், போக்குவரத்தை நிறுத்திவிட்டு, நேரான சாலையில் 200 மீட்டருக்குச் சுண்ணாம்புக் கோடு போடுங்கள். பையன்களையும் பெண்களையும் ஒவ்வொருவராக விடுங்கள். யார் எத்தனை வினாடி என்று ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். அந்த நோட்டோடு மாவட்ட விளையாட்டு அலுவலகத்துக்குப் போய்த் தளம் கேளுங்கள். அன்று மதியம் பிள்ளைகளுக்கு வயிறு நிறையச் சோறு போடுங்கள்.