புற்றணுவுக்கும் ஐசி எண்!

"நுண்ணோக்கியில் புற்றணு தெரியவில்லை" என்று மருத்துவர் சொன்னதும் குடும்பமே நிம்மதியாக மூச்சு விடும். ஆனால், ஒளிந்திருக்கும் சில அணுக்களால் ரத்தப் புற்றுநோய் திரும்பலாம்.

நம் பி, டி வகை எதிர்ப்பு அணுக்கள் ஒவ்வொன்றும் கிருமியை அடையாளம் காண, மரபணுத் துண்டுகளைச் சீட்டுக்கட்டுபோல் கலைத்துத் தனி வரிசை அமைத்துக்கொள்கின்றன. மரபணு இப்படி இடம் மாறுவதை 1976-இல் காட்டிய சுசுமு தொனெகாவா 1987-இல் நோபல் பரிசு பெற்றார்.

அவற்றில் ஒன்று புற்றாகிப் பெருகினால், அதன் வாரிசுகளுக்கும் அதே வரிசைதான். ஐசி எண் மாதிரி! எலும்பு மஜ்ஜையிலிருந்து டிஎன்ஏவைப் பிரித்து, அந்தப் பகுதியை மட்டும் நகலெடுத்து வாசித்தால் எண் கிடைத்துவிடும். சிகிச்சைக்குப் பின், போதிய மாதிரி இருந்தால், ஒரு மில்லியன் அணுக்களில் ஒன்றைக்கூடப் பிடிக்கலாம்.

எண்ணை முதலில் குறித்து வைத்தால்தான் பிறகு தேட முடியும். அதனால், சிகிச்சை தொடங்கும் முன்பே கேளுங்கள்: "டாக்டர், இந்தப் பரிசோதனை எங்களுக்குப் பொருந்துமா?"